திண்ணைக்கு யார் வாடகை தருவது?

தருமபுரிப் பக்கம் புளி தட்டும் வேலை பெண்களின் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. என் அம்மாவும் தட்டியவர். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். திண்ணை, விளக்கு, சுத்தியல் எல்லாம் எங்களுடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி மட்டும் அவருடையது.

வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடத்துபவர், அந்தப் பகுதிக்கான வாடகையை வருமானத்தில் கழித்துக்கொள்ள 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிவிட்டது. வீட்டிலேயே அலுவலகம் வைத்த வக்கீலுக்கு அது உதவியது. வரி கட்டும் அளவுக்குக் கூலியே பார்க்காத அம்மாவுக்கு?

1966ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் பீடி சுற்றும் பெண்களைத் தொழிலாளர் என ஏற்றது. வீட்டிலிருந்து உழைப்போரின் மின்சார, தண்ணீர்ச் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்று 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 184ஆம் பரிந்துரை சொன்னது. அதனுடன் வந்த 177ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை.

வரிச்சலுகை எங்கள் திண்ணை வரை வராது. திண்ணையின் வாடகை கூலியில்தான் சேர வேண்டும்.