நத்தை செய்த உபகாரம்

கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்கிறோம், நாதஸ்வரக்காரரைப் பார்க்கிறோம், சமையற்காரரைக்கூட ஒரு வார்த்தை புகழ்கிறோம். எச்சில் இலை எடுக்கிறவரை யார் பார்க்கிறோம்? ஆனால் அவர் ஒரு வேளை வராமல் போகட்டும், இரண்டாவது பந்திக்கு இலை விழாது! கண்ணாடித் தொட்டிக்குள் கடலை வளர்க்கும் கலையின் சரித்திரமும் இப்படித்தான். அதில் இலை எடுத்தவர் நத்தையார்.

இந்தச் சரித்திரத்தை நான் புரட்ட நேர்ந்ததற்குச் சோலூரில் இருக்கும் என் தமக்கை மகன்தான் காரணம். கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே, மார்கழியில் கம்பளிக்குள்ளேயே விரல் விறைத்துப் போகிற ஊர் அது. அங்கே அவன் கடல் தொட்டி வைத்திருக்கிறான்! உப்பு கரைத்த நீர், அதை 25 டிகிரிக்குக் குறையாமல் வைக்க ஒரு மின்சாரக் கருவி, பாறைகள், மெல்லிய பவழங்கள், நாலைந்து மீன்கள்.

"மாமா, போன தடவை முப்பது நத்தை வாங்கி விட்டேன். ஒரு மாதத்தில் பாசி போயிற்று. அப்புறம் நத்தைகளும் போயின. அவை அழுகி, மீன்களும் செத்தன. இப்போது மறுபடியும் பாசி. எந்த நத்தையை வாங்கலாம்?" என்று கேட்டான்.

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் மாமன் ஆயிற்றே! புத்தகங்களை எடுத்தேன்.

1846-ல் அன்னா தைன் என்ற ஆங்கிலச் சீமாட்டி, கடற்கரையில் கண்ட பவழ உயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தாள். நீரில் பிராணவாயு கலப்பதற்காக, வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலோரம் நின்று அதைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஆற்றுவாள். நாம் காப்பி ஆற்றுகிறோமே, அப்படி! பிறகு கடற்பாசிகளையும் உடன் வைத்துப் பார்த்தாள் சீமாட்டி.

ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் 1849-ல் ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் வைத்தார். மீன் விடும் காற்றைச் செடி வாங்கும். செடி விடும் பிராணவாயுவை மீன் வாங்கும். கணக்குச் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தார். ஆகவில்லை. பழைய இலைகள் அழுகின; பாசி படர்ந்து ஜலம் கலங்கிற்று. குளத்து நத்தைகள் ஐந்தாறைப் பிடித்து விட்டார். அழுகலையும் பாசியையும் அவை தின்றன, ஜலம் தெளிந்தது. அவை இட்ட முட்டைகள் மீனுக்கு ஆகாரமாயின. 1850-ல் இதை லண்டன் ரசாயனச் சங்கத்தாருக்கு அறிவித்தார். பிற்பாடு கடல்நீரில் சோதித்தபோது, பெரிவிங்கிள் என்னும் கடல் நத்தையைத் தேர்ந்தெடுத்தார்.

1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன் வீடு திறந்தது. நம் சென்னையில், மியூசியத் தலைவர் எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால், 1909-ல் கடற்கரையிலேயே ஒரு மீன் காட்சிசாலை எழுந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது.

சரி, எந்த நத்தை? நத்தையின் நாக்கு அரம் போன்றது. வரிசை வரிசையாகப் பற்கள். ஆனால் எல்லா அரமும் பாசியைச் சுரண்டாது. நம் மன்னார் வளைகுடாச் சங்கு புழு தின்னும் மாமிச ஜாதி. பூஜைக்கு ஆகும், இந்த வேலைக்கு ஆகாது. டுரோக்கஸ் நல்லது, பாறையிலிருந்து மல்லாந்து விழுந்தாலும் தானே புரண்டு எழும். அஸ்ட்ரியாவுக்குப் பெரும்பாலும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. யாராவது திருப்பி வைக்காவிட்டால் அப்படியே சாகும். செரித் மணலைக் கிளறும். மார்கரிட்டா குளிர்ந்த கடலைச் சேர்ந்தது. வெதுவெதுப்பான தொட்டியில் அதற்கு ஆயுள் குறைவு.

ஓடில்லாத கடல் நத்தைகளும் உண்டு. கடல் முயல் பாசியை வாரித் தின்னும், தீர்ந்துவிட்டால் பட்டினிதான். மிரண்டால் ஊதா மையைக் கக்கும். எலிசியா பாசியின் சாற்றை உறிஞ்சி, அதன் பச்சையத்தைத் தன் உடம்பிலேயே சேமித்துக்கொள்ளும். வானவில் நிறத்தில் கண்ணைப் பறிக்கும் வகைகளோ பெரும்பாலும் பாசியைத் தொடுவதே இல்லை. கடற்பஞ்சு போன்ற தனக்கென்று உள்ள ஆகாரம் கிடைக்காமல் மடியும். அழகைப் பார்த்து வாங்கினால் கொலைப் பாவம்! இன்னொன்று: 2001-ல் கல்பவளங்களும் சில நத்தை இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வாங்குமுன் பட்டியலைப் பார்க்கவேண்டும்.

இவ்வளவும் எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "உன் தவறு ஜாதியில் மட்டும் இல்லை, தம்பி, எண்ணிக்கையில். வாரிங்டன் விட்டது ஐந்தாறு. நீ முப்பது பேரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, வேலை முடிந்ததும் சோறு போட மறந்துவிட்டாய்."

சென்ற மாதம் சோலூர் போனேன். தொட்டியில் ஐந்தே நத்தைகள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. விளக்கை அணைக்குமுன் அவன் உலர்ந்த கடற்பாசித் துண்டு ஒன்றைக் கல்லில் கட்டி உள்ளே இறக்கினான்.

"இது யாருக்கடா?" என்றேன்.

"இலை எடுத்தவங்களுக்கு, மாமா" என்றான்.