நடுங்கும் கையும் நாடிழந்தோர் தேடிய மருந்தும்

சித்திரை வருடப் பிறப்பென்றால் எங்கள் வீட்டில் முதலில் மருத்துநீர், பிறகு புது உடுப்பு, அதற்குப் பிறகு அப்பாவின் கைவிசேஷம். வெற்றிலையில் காசும் நெல்லும் பூவும் வைத்து, பஞ்சாங்கத்தில் நேரம் பார்த்துத்தான் தருவார். ஊரை விட்டுச் சவுத்தாலுக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர் கைவிடவில்லை. சில வருடங்களுக்கு முன் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கும்போது வெற்றிலை நடுங்கி, ஒரு பவுண் குற்றிகள் நிலத்தில் சிதறி உருண்டன. பிள்ளை சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அடுத்த வருடப் பிறப்புக்குக் காய்ச்சல் என்று சொல்லி அறையை விட்டே அவர் வெளியில் வரவில்லை.

நாங்களும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். "வயசு போனால் நடுங்கும்தானே" என்றார் ஒருவர். "செல்லடியில பயந்த பயம் இப்பதான் வெளிய வருது" என்றார் இன்னொருவர். செய்வினை என்று சொன்னவர்களும் உண்டு. இப்படியே இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் நடையும் சுருங்கி, எழுத்தும் எறும்பு ஊர்வது போலச் சிறுத்த பிறகுதான் ஜீ.பி.யிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் நரம்பு வைத்திய நிபுணரிடம் அனுப்பினார். பார்க்கின்சன் நோய் என்று சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பா கேட்டார்: "பேரைப் பார்த்தால் வெள்ளைக்காரன்ர வருத்தம் மாதிரிக் கிடக்கு. தோட்டம் கொத்தின எனக்கு இது எப்பிடி வந்தது?"

அந்தக் கேள்விக்கு விடை தேடி நூலகத்துக்குப் போனேன். தேடியதில் கிடைத்ததை எம்மவரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்த வெள்ளைக்காரர் எங்கள் லண்டன்காரர்தான். கிழக்கு லண்டன் ஹொக்ஸ்டனில் 1755ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி பிறந்த வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன். எங்கள் வருடப் பிறப்புக்கு மூன்று நாள் முந்தி வரும் அந்தத் தினமே இன்று உலக பார்க்கின்சன் தினம். 1817இல் 'நடுக்கவாதம்' பற்றி அவர் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் ஆறு பேரின் கதை இருக்கிறது. அவர்களில் சிலரை அவர் தெருவிலே கண்டுதான் அவதானித்தார். ஓய்வாக இருக்கும்போது கை நடுங்குவது, உடம்பு முன்னால் வளைவது, நடை ஓட்டமாக மாறுவது எல்லாவற்றையும் எழுதினார். காரணம் மட்டும் அவருக்குத் தெரியவில்லை. பிறகு வருபவர்கள் அதைத் தேட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு 1824இல் இறந்துபோனார். பாரிஸ் வைத்தியர் சார்க்கோதான் பிற்பாடு இந்த நோய்க்கு அவருடைய பெயரை வைத்தார். ஹொக்ஸ்டன் சதுக்கத்தில் அவர் வாழ்ந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன்.

ஆனால் பெயர்தான் அவருடையது. வருத்தம் எல்லோருக்கும் உரியது. ஆயுர்வேதம் நடுக்க நோயைக் 'கம்பவாதம்' என்று நெடுங்காலத்துக்கு முன்பே குறித்து வைத்திருக்கிறது. அப்பாவின் கேள்விக்குப் பாதி விடை இது.

மீதி விடையைத் தேடியவர்கள் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு ஆச்சரியம் வந்தது. பலர் எங்களைப் போல நாடு விட்டு நாடு வந்தவர்கள்.

1912இல் இந்த நோயாளிகளின் மூளைக் கலங்களுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதைக் கண்டவர் பிரெடெரிக் லூயி என்ற ஜேர்மன் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பதவி பறிபோனது. முதலில் இங்கிலாந்துக்கும் பிறகு அமெரிக்காவுக்கும் போனார். 'லூயி உருண்டைகள்' என்று இன்றும் அவர் பெயரால்தான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். 1919இல் பாரிசில், மூளையின் அடிப்பகுதியில் உள்ள 'கருந்திட்டு' என்ற இடத்திலேயே கலங்கள் அழிகின்றன என்று காட்டியவர் திரெத்தியாகொவ். அவர் பிறந்தது ரஷ்யப் பேரரசில்.

அந்தக் கருந்திட்டுக் கலங்கள் செய்யும் இரசாயனத்தின் பெயர் டொபமின். கை கால் அசைவைச் சீராக வைத்திருப்பது அதுதான். டொபா என்ற பொருளில் இருந்து உடம்பு டொபமினை உண்டாக்குகிறது. இந்தப் பாதையை 1939இல் எடுத்துச் சொன்னவர் ஹேர்மன் பிளாஷ்கோ. அவரும் 1933இல் ஜேர்மனியை விட்டு இங்கிலாந்துக்கு அகதியாக வந்த யூதர். பின்னாளில் ஒக்ஸ்போர்ட்டில் அவரிடம் படிக்க வந்தார் ஒலே ஹோர்னிகிவிச். லிவிவ் நகருக்குப் பக்கத்தில் பிறந்த இவர், சோவியத் படை வந்தபோது சிறுவனாகக் குடும்பத்தோடு வியன்னாவுக்கு இடம்பெயர்ந்தவர். டொபமினைக் கவனித்துப் பார் என்று மாணவனைத் தூண்டியவர் பிளாஷ்கோதான்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பயிர்கள் இரண்டு கதைக்குள் வருகின்றன.

ஒன்று சர்ப்பகந்தா. இந்தியாவில் பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுத்துவந்த வேர். அதில் இருந்து 1952இல் சுவிற்சர்லாந்தில் ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் 1957இல் அதை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் அசைய முடியாமல் முடங்கின. பிறகு டொபாவை ஊசியால் ஏற்றினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து ஓடின. டொபமின் குறைந்தால் உடம்பு முடங்கும் என்பது அதனால் விளங்கியது. இந்தத் துறையில் செய்த வேலைக்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மற்றது பூனைக்காலி. ஊரில் வேலியில் படரும் கொடி. காயில் உள்ள சுணை பட்டால் உடம்பெல்லாம் கடிக்கும். பள்ளிக்கூடத்தில் அடுத்தவன் முதுகில் தேய்த்து அடி வாங்கியவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்! 1937இல் சென்னையில் தாமோதரன், ராமசுவாமி என்ற இரு ஆய்வாளர்கள் இதன் விதையில் இருந்து டொபாவைப் பிரித்தெடுத்து, லண்டனில் வெளிவரும் உயிர்இரசாயனச் சஞ்சிகையில் எழுதினார்கள். நடுக்க நோய்க்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று அப்போது எவருக்கும் தெரியாது.

வியன்னாவுக்குத் திரும்பிய ஹோர்னிகிவிச், இறந்த நோயாளிகளின் மூளையைச் சோதித்து, அதில் டொபமின் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960இல் அறிவித்தார். அடுத்த வருடம் அவரும் பேர்க்மையர் என்ற வைத்தியரும் நோயாளிகளுக்கு டொபாவை ஏற்றியபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். அந்தப் பலன் நெடுநேரம் நிற்கவில்லை. கிரேக்கத்தை ஜேர்மனியர் பிடித்த 1941இல் தப்பி அமெரிக்கா சென்ற ஜோர்ஜ் கொட்சியாஸ், 1967இல் வாயால் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து நிலையான பலன் கண்டார். சத்தியைக் குறைக்கவும், மருந்து வழியில் வீணாகாமல் மூளைக்குப் போய்ச் சேரவும் பிறகு இன்னொரு மருந்தை அதோடு சேர்த்தார்கள். அப்பா இன்று விழுங்கும் மாத்திரை அதுதான்.

"அப்ப பூனைக்காலியையே அவிச்சுக் குடிச்சால் என்ன?" என்று கேட்பீர்கள். லண்டன் குயீன் சதுக்கத்து நரம்பியல் வைத்தியசாலையில் 2004இல் எட்டு நோயாளிகளுக்கு இந்த விதைத் தூளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான மாத்திரை வேலை செய்ய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. தூள் அதில் பாதி நேரத்திலேயே வேலை செய்தது. ஆனால் அது அளந்து தயாரித்த தூள். கடையில் விற்கும் தூளில் டொபா எவ்வளவு என்று எவரும் சொல்ல முடியாது. மாத்திரையோடு அதையும் சேர்த்தால் அளவு கூடி ஆபத்தாகும். வைத்தியரிடம் கேட்காமல் தொட வேண்டாம்.

கலங்கள் ஏன் அழிகின்றன என்பதற்கு முழு விடை இன்னும் இல்லை. 1982இல் கலிபோர்னியாவில் தவறாகச் செய்த போதை மருந்தை ஏற்றிய இளைஞர் சிலர் சில நாட்களிலேயே சிலை போல உறைந்தார்கள். அதில் இருந்த நஞ்சு அதே கருந்திட்டைத்தான் தாக்கியிருந்தது. உடம்பில் அந்த நஞ்சு எடுக்கும் உருவம் 'பரக்குவாட்' என்ற களைநாசினியை ஒத்தது. இந்தக் களைநாசினி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் தடைசெய்யப்பட்டது. இலங்கையிலும் பிறகு தடைசெய்யப்பட்டது. நஞ்சு தெளித்த கமக்காரரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தெளித்த எல்லோருக்கும் வருவதில்லை. 1997இல் ஒரு இத்தாலியக் குடும்பத்தில் பரம்பரைக் காரணம் ஒன்றும் தெரியவந்தது. லூயி கண்ட உருண்டைகளுக்குள் இருப்பதும் அதே புரதம்தான் என்று அதே வருடம் கேம்பிரிட்ஜில் காட்டினார்கள். அப்பா வெங்காயத் தோட்டத்துக்கு முகத்தை மூடாமல் மருந்தடித்தவர். அதனால்தான் வந்ததா? எந்த வைத்தியராலும் அதைச் சொல்ல முடியாது. செய்வினை இல்லை என்பதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன்.

மாத்திரை அறிகுறியைத்தான் குறைக்கும், கலங்கள் அழிவதை நிறுத்தாது. ஆராய்ச்சி தொடர்கிறது. சவுத்தால் ஊடாகப் போகும் அக்ஸ்பிரிட்ஜ் வீதியிலேயே ஷெப்பர்ட்ஸ் புஷ் வரை போனால் ஹமர்ஸ்மித் வைத்தியசாலை கிட்டத்தான். இறந்தபின் மூளையை ஆராய்ச்சிக்குத் தந்தவர்களின் மூளை வங்கி அங்கே இருக்கிறது.

அனுபவத்தில் கண்ட இரண்டொன்றைச் சொல்லி முடிக்கிறேன். மாத்திரைக்கு நேரம் முக்கியம். ஒருமுறை ஒரு வைத்தியசாலையில் அப்பாவுக்கு இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் கொடுத்தார்கள். அவரால் கட்டிலில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. அவருக்கு ஆங்கிலம் வராது, நாங்களும் பக்கத்தில் இல்லை. அதன் பிறகு மாத்திரை நேரங்களை ஆங்கிலத்தில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறோம். பருப்பு, மீன், இறைச்சி போன்றவை சிலருக்கு மாத்திரையின் வேலையைத் தடுக்கும்; எப்போது சாப்பிடுவது என்று வைத்தியரிடம் கேளுங்கள். மணம் தெரியாமல் போவது, மலச்சிக்கல், எழுத்துச் சிறுத்தல், குரல் அடங்குதல் இவையும் அறிகுறிகளாக இருக்கலாம். இரண்டு வருடம் ஒளித்துவைத்த எங்கள் பிழையை நீங்களும் செய்யாதீர்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

போன வருடப் பிறப்புக்கு பஞ்சாங்க நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் பொருத்திப் பார்த்து வைத்தோம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் அப்பா கதிரையில் நிமிர்ந்து இருந்து கைவிசேஷம் கொடுத்தார். கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது. பேரப்பிள்ளை இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டது.