சேலத்துக் கலைச்சொல் முயற்சியும் உடற்கூற்றுச் சொற்களும்

குதிகாலுக்கு மேல் விரலால் தொட்டறியத்தக்க, தசையை எலும்போடு பிணைக்கும் உறுதியான திசு தசைநாண் என்றும், மூட்டில் எலும்பை எலும்போடு கட்டும் பட்டை இணைப்புநார் என்றும் நூல்களில் வேறுபடுத்தப்பட, மக்கள் பேச்சோ இவற்றையும் உணர்வைக் கடத்தும் நரம்பையும் பெரும்பாலும் ‘நரம்பு’ என்றே வழங்கிவந்துள்ளது. இத்தகைய துறைச்சொற்களைத் தமிழில் அமைக்கும் முயற்சி முன்பே தொடங்கியது: யாழ்ப்பாணத்தில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலை உடற்கூற்றியலைத் தமிழ் நூல்களாக்கினார். சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியோ, 1916இல் வெங்கடசுப்பையருடன் இணைந்து தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை நிறுவி, அறிவியல் கலைச்சொற்களைத் திரட்டி இதழாக வெளியிட்டார். 1985இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் 1986இல் சேலத்தில் மருத்துவக் கல்லூரியும் தோன்றிய இப்பகுதியில், அறுந்தது நாணா, நாரா, நரம்பா என்பதற்கேற்பச் சிகிச்சை மாறுபடுவதால், அவ்வேறுபாட்டை நோயாளிக்கும் கால்நடை வளர்க்கும் உழவருக்கும் தமிழிலேயே தெளிவுறுத்துவது மருத்துவர் கடமையாகும்.