போடி மலைச்சாலையும் டைமிங் செயின் சத்தமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை, சுமார் 25 கிலோமீட்டருக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறது. பழைய கார்கள் இந்த ஏற்றத்தில் அடிக்கடி இரண்டாம் கியருக்கு இறங்க நேர்ந்தது. அந்த கியரில் ஒரு கிலோமீட்டர் ஓடினால், டாப் கியரில் சுழல்வதைவிட இருமடங்குக்கு மேல் இன்ஜின் சுழலும். அதனால் மலை வண்டியின் தேய்மானத்தை மீட்டரின் கிலோமீட்டர் கணக்கு சரியாகக் காட்டுவதில்லை. கிராங்க்கையும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் எவ்வளவு தேய்ந்தது என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டியிருந்தது.

ஏலத்தோட்டத் தொழிலாளர்களை மேலே ஏற்றிச்சென்ற ஜீப்புக்கு இந்தச் செயின் சிக்கல் இல்லை. போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் செயின் இருந்தது. ஆனால் பின்பு மஹிந்திரா தயாரித்த பெட்ரோல் ஜீப்புகளில் அந்த இடத்துக்குப் பல்சக்கரம் வந்துவிட்டது. தோட்ட முதலாளிகளும் ஏலக்காய் வியாபாரிகளும் வைத்திருந்த அம்பாசிடர், ஃபியட் கார்களில்தான் செயின் தொடர்ந்தது. அம்பாசிடர் 1957-இல் வந்தது. சில ஆண்டுகளில் அதற்குப் பொருத்தப்பட்ட 1489 சிசி பிரிட்டிஷ் இன்ஜினில் கிராங்க்கையும் கேம்ஷாஃப்டையும் இணைப்பது இரட்டைச் செயின். பின்னாளில் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட்டின் 1089 சிசி இன்ஜினிலும் செயின்தான்.

செயினின் கண்ணிகள் தேயத் தேய அதன் நீளம் கூடும். ஆயில் அழுத்தத்தால் தள்ளப்படும் டென்ஷனர் அந்தத் தொய்வை ஓரளவே ஈடுகட்டும். மலையேறிச் சூடான ஆயில் நீர்த்து, ஐட்லிங்கில் அழுத்தம் குறையும்போது செயின் மூடியில் உரசிக் கரகரக்கும். வளைவுக்கு வளைவு ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடுவதால் தொய்ந்த பக்கம் துள்ளி அடிக்கும். இறக்கத்தில் காலை எடுத்ததும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆயிலைக் காலத்தில் மாற்றாத வண்டியில் இது சீக்கிரமே வரும்.

இந்தச் சத்தத்தைப் பிரித்தறிவதில்தான் மெக்கானிக்கின் திறமை வெளிப்பட்டது. நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினின் முன்மூடியில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது வழக்கம். டேப்பட் சத்தம் மேலே, ‘டிக் டிக்’ என்று ஒரே சீராக வரும். பிக் எண்ட் சத்தம் அடியிலிருந்து, சுமை ஏறும்போது கனமாக இடிக்கும். செயின் சத்தம் முன்பக்கம், ஒழுங்கில்லாமல் சலசலக்கும். வாட்டர் பம்போ டைனமோவோ என்ற சந்தேகம் வந்தால், ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில நொடிகள் ஓட்டிப் பார்ப்பார்கள். அப்போதும் சத்தம் நிற்காவிட்டால் அந்த இரண்டின் மேலும் பழியில்லை.

காதின் தீர்ப்பை உறுதிசெய்ய இன்னொரு சோதனையும் உண்டு.  டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் கிராங்க்கை முன்னும் பின்னுமாக மெல்ல அசைப்பார்கள். ரோட்டார் அசையத் தொடங்கும் முன் கிராங்க் எவ்வளவு வீணாகத் திரும்புகிறதோ, அதில் பெரும்பங்கு செயினின் தொய்வு. தொய்வு மிகுந்தால் வால்வுகள் திறக்கும் நேரமும் தீப்பொறியும் பிந்தும். ஏற்றத்தில் இழுவை குறையும். மாற்றும்போது செயினோடு பல்சக்கரங்களையும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பற்களில் ஏறிய புதுச் செயின் விரைவில் கெடும்.

1983-இல் வந்த மாருதி 800-இல் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட் இருந்தது. அது கரகரப்பதில்லை, பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறுந்துவிடும். ஆகவே கிலோமீட்டர் கணக்கில் மாற்றுவதே வழியானது. 2008-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த கே வரிசை இன்ஜினில் செயின் மீண்டும் வந்தது. கே வரிசை இன்ஜின்களில் ரோட்டார் சோதனைக்கு இடமில்லை. முன்மூடியில் காது வைத்துக் கேட்கும் முறை இன்றைக்கும் பயன்படுகிறது.