தயாநிதா சிங்
(பிறப்பு: 1961, புதுதில்லி)

புகைப்படக் கலைஞர், தம் படங்களுக்கான மரச்சட்டகங்களையும் தாமே வடிவமைப்பவர். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் பயின்றபோது தபேலா மேதை ஜாகிர் உசேனைப் பின்தொடர்ந்து எடுத்த படங்கள் 1986இல் நூலாயின. பின்னர் நியூயார்க்கில் புகைப்படக் கலை பயின்றார். அதன்பின் மேற்கொண்ட பத்திரிகைப் புகைப்படப் பணி சில ஆண்டுகளில் அவருக்குச் சலித்தது. ஏனெனில் வெளிநாட்டு இதழ்கள் இந்தியாவிலிருந்து கேட்ட படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை.

தில்லியில் கல்லறைத் தோட்டத்தில் வாழ்ந்த திருநங்கை மோனா அகமதுவுடனான நீண்ட நட்பு 2001இல் நூல் வடிவம் பெற்றது. காகிதக் கட்டுகள் கூரைவரை அடுக்கிய ஆவணக் காப்பகங்களைக் காட்டும் ‘ஃபைல் ரூம்’ 2013இல் வந்தது.

அவருடைய பெரும் சாதனை ‘மியூசியம் பவன்’. தேக்குமரத்தாலான, ஆளுயர மடிப்புத் தட்டிகள். திறக்கலாம், மூடலாம், வேறு கோணத்தில் நிறுத்தலாம். நடுவில் இருக்கும் படங்களை மாற்றினால் கண்காட்சியே மாறிவிடும். மீதிப் படங்கள் அதே அமைப்புக்குள் இருப்பில் கிடக்கும். சுவரும் அலமாரியும் காட்சிக்கூடமும் ஒன்றே. இவற்றுள் ஒன்றுக்கு ‘மரச்சாமான் அருங்காட்சியகம்’ என்றே பெயர்.

இவை 2013இல் லண்டன் ஹேவர்டு கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. அவ்வாண்டே வெனிஸ் பியனாலேயில் ஜெர்மனியின் அரங்கில் அவர் படைப்புகளும் இடம்பெற்றன. 2017இல் ‘மியூசியம் பவன்’ பெட்டிக்குள் அடங்கும் சிறு நூல்களாகச் சுருங்கி, அவ்வாண்டின் பாரிஸ் ஃபோட்டோ–அபெர்ச்சர் புகைப்பட நூல் விருதைப் பெற்றது. 2022இல் ஹாசல்பிளாடு விருது. தெற்காசியாவிலிருந்து அதைப் பெற்ற முதல்வர் இவரே.