'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா': பாட்டில் வரும் பெண் யார்? அவர் மீதே வழக்கு போட்டது ஏன்?

ஹோட்டல் லாபியிலோ, லிஃப்டிலோ, ஏதாவது ஒரு ஹாலிவுட் படத்திலோ இந்த மெட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெயர் தெரியாவிட்டாலும் காதுக்குப் பழகிய பாட்டு. பிரேசிலில் பிறந்த 'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா'தான் அது. கடற்கரைக்கு நடந்துபோகும் ஒரு பெண். தூரத்தில் இருந்து பார்த்து ஏங்கும் ஒரு ஆண். பாட்டு மொத்தமும் இவ்வளவுதான்.

அந்தப் பெண் வெறும் கற்பனை இல்லை. பெயர் ஹெலோ பினேரோ. பாட்டின் பெயரைத் தன் கடைக்கு வைத்ததால், பல வருடங்கள் கழித்து இவர் மீதே வழக்கு வந்தது. என்ன நடந்தது?

யார் இந்த ஹெலோ?

1943-ல் பிறந்தவர். ரியோ டி ஜெனிரோவின் இபனேமா பகுதியில், மாண்டினெக்ரோ தெருவில் வீடு. அதே தெருவில் 'வெலோசோ' என்ற பார் இருந்தது. கடற்கரைக்குப் போகும்போதும், அம்மாவுக்கு சிகரெட் வாங்க வரும்போதும் ஹெலோ அந்தப் பக்கம் வருவார். அங்கே வழக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் இசையமைப்பாளர் டாம் ஜோபிம், கவிஞர் வினிசியஸ் டி மொராயஸ்.

பாரிலேயே எழுதிய பாட்டா?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஜோபிம் மெட்டுப் போட்டது இபனேமாவில் இருந்த தன் வீட்டில். வினிசியஸ் வரிகளை எழுதியது ரியோவுக்கு வெளியே, பெட்ரோபோலிஸ் என்ற மலை நகரத்தில். 1962-ல் ரியோவில் முதன்முதலாக மேடையேறியது.

உலகத்துக்குத் தெரிந்தது எப்படி?

1964-ல் ஸ்டான் கெட்ஸ், ஜோவாவ் கில்பெர்டோ இருவரின் ஆல்பத்தில் இந்தப் பாட்டு வந்தது. ஆங்கில வரிகளைப் பாடியவர் ஜோவாவின் மனைவி அஸ்ட்ரூட் கில்பெர்டோ. 1965-ல் 'ரெக்கார்ட் ஆஃப் தி இயர்' கிராமி விருதும் கிடைத்தது.

ஹெலோதான் அந்தப் பெண் என்று வினிசியஸ் வெளிப்படையாக அறிவித்ததும் 1965-ல்தான். அதுவரை ஊர் முழுக்க வதந்திதான். அதன்பிறகு ஹெலோவுக்குப் புகழ் வந்தது, பின்னாளில் மாடலிங், டிவி வாய்ப்புகளும் வந்தன. ஆனால் பாட்டின் ராயல்டியில் அவருக்குப் பங்கு இல்லை. காரணம் எளிது. காப்புரிமை என்பது பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும்தான். யாரை நினைத்து எழுதினார்களோ, அவருக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

வழக்கு என்ன?

ஹெலோ தொடங்கிய துணிக்கடைக்கு, பாட்டின் போர்ச்சுகீசியப் பெயரான 'கரோட்டா டி இபனேமா' என்றே பெயர் வைத்தார். 2001-ல் ஜோபிம், வினிசியஸ் இருவரின் வாரிசுகளும் இதை எதிர்த்தனர். பாட்டுக்குக் காரணமாக இருந்தது வேறு, அந்தப் பெயரை வைத்து வியாபாரம் செய்வது வேறு என்பது அவர்கள் தரப்பு.

அப்போது பாட்டை எழுதிய இருவருமே உயிருடன் இல்லை. ஆனால் அவர்களின் வார்த்தை இருந்தது. 'உண்மையான இபனேமா பெண் இவர்தான்' என்று அன்று வெளியான அறிவிப்பையே ஹெலோ தரப்பு ஆதாரமாகக் காட்டியது. மக்களின் ஆதரவும் அவர் பக்கம்தான். கடைசியில் தீர்ப்பும் ஹெலோவுக்குச் சாதகமாகவே வந்தது.

இன்று அந்தத் தெரு?

மாண்டினெக்ரோ தெரு இப்போது வினிசியஸ் டி மொராயஸ் தெரு. ரியோ சர்வதேச விமான நிலையத்துக்கு ஜோபிம் பெயர். வெலோசோ பாரின் பெயர்ப் பலகையில் 'கரோட்டா டி இபனேமா'. 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜோபிமின் பேரன் இதே பாட்டைப் பாட, மாடல் ஜிசெல் புண்ட்சன் மைதானத்தின் குறுக்கே நடந்துபோனார்.

எழுதியவர்களுக்குத் தெருவும் விமான நிலையமும் கிடைத்தன. நடந்துபோன பெண்ணோ, தன் கடைக்கு ஒரு பெயர்ப் பலகை மாட்டவே நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.