நீதிக்கும் நாள் குறிப்பதா?

புதிய உரிமை பிறந்ததென்று முரசறையும்போது நாம் மகிழ்கிறோம். அது பிறக்குமுன்பே தண்டிக்கப்பட்டுச் சிறையிற் கிடப்பவன் கதி என்ன? அமெரிக்காவின் லூசியானா மாநில வரலாறு இக்கேள்வியை எழுப்புகிறது.

1898-ல் நியூ ஆர்லியன்சில் அம்மாநிலத்தின் அரசியலமைப்பு மாநாடு கூடிற்று. வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவதே நோக்கமென்று அங்கே ஒளிவுமறைவின்றிப் பேசினர். கறுப்பரை ஜூரியிலிருந்து சட்டம் போட்டு விலக்க இயலாது. உச்சநீதிமன்றம் 1880-லேயே அதனைத் தடுத்திருந்தது. ஆகவே சூழ்ச்சி வேறு வழியில் நுழைந்தது. பன்னிரு ஜூரர்களில் ஒன்பதின்மர் 'குற்றவாளி' என்றாலே போதுமென விதி செய்தனர். கறுப்பர் ஓரிருவர் அமரட்டும். அவர் சொல் மட்டும் அம்பலம் ஏறாது!

பின்னாளில் ஒன்பது பத்தாயிற்று; அநீதி நீடித்தது. 2018-ல் மக்கள் வாக்களித்து அவ்விதியை அகற்றினர். ஆனால் 2019 சனவரி முதல் நாள் தொட்டு நிகழும் குற்றங்களுக்கே அது பொருந்தும் என்றனர். 2020-ல் ராமோஸ் வழக்கில், கடுங்குற்றம் சாட்டப்பட்டவனைத் தண்டிக்கப் பன்னிருவரும் ஒருமனப்பட வேண்டும். அஃது அரசியலமைப்பு தந்த உரிமை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடு முடியாதிருந்தோர் பயன்பெற்றனர். முடிந்துவிட்டோர்? 2021-ல் எட்வர்ட்ஸ் வழக்கில், ஒன்பது நீதிபதிகளுள் அறுவர் அவர்களுக்கு இல்லையென்றனர்.

முடிந்த வழக்கைக் கிளறினால் பழைய சாட்சிகளை எங்கே தேடுவது என்கின்றனர். பொருளற்ற வாதமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1963-ல் கிடியன் வழக்கில், கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்த வேண்டுமெனத் தீர்ப்பான போதும் இதே தொல்லை இருந்ததன்றோ? அவ்வுரிமை பழைய கைதிகளுக்கும் வழங்கப்பட்டது. நீதிமன்றங்கள் இடிந்தா வீழ்ந்தன?

பழைய கைதிகளுக்கு வழிவிட மாநிலங்களுக்குத் தடையில்லை என்று 2021 தீர்ப்பே கூறிற்று. பதின்மர் போதுமென்ற விதியை 1934 முதல் கொண்டிருந்த ஒரிகன் மாநிலத்தின் உச்சநீதிமன்றம், 2022 டிசம்பரில் கதவைத் திறந்தது. லூசியானாவின் உச்சநீதிமன்றமோ அதற்கு இரு திங்கள் முன்னரே கதவை அடைத்துவிட்டது. ஒரே நாடு, ஒரே உரிமை. ஒருவனுக்கு மறுவிசாரணை, மற்றொருவனுக்கு ஆயுட்சிறை!

தவறு பிறந்த நாள் வேறு. அதைத் தவறென்று ஒப்பிய நாள் வேறு. 2020-ல் தவறாகிய விதி 1898-லும் தவறே. ஒப்புவதில் காலம் தாழ்த்தியது அரசு. அந்தத் தாமதத்தின் விலையைக் கைதி ஏன் கொடுக்க வேண்டும்?